கூர் வேண்டாம் என்றவர்

அத்தியாயம் 5

கன்றுக்குட்டியின் மேல் ஹேமநாதன் உட்கார்ந்துவிட்டான்.

வேண்டுமென்று யாராவது அப்படிச் செய்வார்களா? மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்ததும் செருப்பில் சாணி ஏறிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று அதைத் துடைக்கப் பார்த்தான். பக்கத்தில் ஒரு கன்று அசையாமல் நின்றது. 'என்ன ஒரு அடக்கம்! நம்ம வூட்டுப் பசங்க இதுகிட்ட டியூஷன் போகலாம்' என்று மெச்சிக்கொண்டே அதன் முதுகில் கையை ஊன்றினான். கை போன வழியிலேயே உடம்பும் போனது. எண்பத்தாறு கிலோ. வயிற்றுத் தையல் படாரென்று விட்டது. நான்கு கால்களும் நான்கு திசைக்குப் பிரிந்தன. பிதுங்கிய வைக்கோல்மேல் ஹேமநாதன் சிம்மாசனத்தில் அமர்ந்தவன்போல் அமர்ந்திருந்தான்.

செவலைப் பசு மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தது. ஒரு கல்யாணப் பந்தியில் ரசவாளியைச் சம்பந்தி மடியில் கவிழ்த்தபோது இதே பார்வையை அவன் ஏற்கெனவே வாங்கியிருக்கிறான்.

"என்னய்யா சத்தம்?" வெளியிலிருந்து சுலோச்சனா கேட்டாள்.

"கண்ணுக்குட்டி செத்துப்போச்சுக்கா."

"அது ஆறு நாளைக்கு முன்னாடியே செத்துப்போச்சே."

"இது ரெண்டாவது வாட்டி."

கன்று செத்தால் பசு பால் இறக்காது. மடி கட்டிக்கொண்டு துடிக்கும். அதற்காகச் செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, தாயின் முகத்துக்கு நேராக நிறுத்துவார்கள். தாய் அதை நக்கும், பால் இறங்கும். தோற்கன்று என்று பெயர். அது ஏமாற்று வேலைதான். ஆனால் அந்த ஏமாற்றையும் ஹேமநாதன் உடைத்துவிட்டான். பசு இரண்டடி முன்னால் வந்து, பிரிந்து கிடந்த தலையை நக்கத் தொடங்கியது. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அந்த மாதிரி நேரங்களில் அவன் வழக்கமாக ஒரு ஜோக் அடிப்பான். இப்போது எதுவும் வரவில்லை.

சுலோச்சனா உள்ளே வந்தாள். ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷம் ரயில்வே போலீஸில் இருந்துவிட்டு, இப்போது அரக்கோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அலுவலகத்தின் மொத்தப் பணியாளர் ஹேமநாதன். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. உதவியாளன் என்று விசிட்டிங் கார்டு சொல்லும். உபத்திரவம் என்று சுலோச்சனா சொல்வாள்.

"எழுந்திரு" என்றாள். திட்டுவாள் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். அவளோ கீழே குனிந்து, கிழிந்த தோலை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். மோந்து பார்த்தாள்.

"ஹேமநாதா, உன் வாழ்க்கையில நீ உருப்படியா உக்காந்தது இதுதான்."

*

வழக்கு இதுதான். இந்த வீட்டு மருமகள் கனிமொழி. அவள் கணவன் ஆனந்தனைப் பதின்மூன்று நாளாகக் காணவில்லை. காணாமல் போன புதன்கிழமை காலையில், திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, கனிமொழியின் தம்பி எழிலன் அவனை அறைந்தான். அக்காள் கன்னத்தில் இருந்த விரல் தடத்துக்குப் பதில் அது. ஆனந்தனுக்கு மூக்கு உடைந்தது. பிறகு, மனசு கேட்காமல், எழிலனே அவனைத் தன் ஆட்டோவில் ஏற்றிக் கால்வாய் ஓரம் இறக்கிவிட்டானாம். இறக்கிவிட்டதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆட்டோவில் ரத்தம் தோய்ந்த துண்டு இருந்தது. ஆனந்தனின் போன் அன்றிலிருந்து அணைந்து கிடக்கிறது. தினமும் எழிலனை ஸ்டேஷனுக்கு அழைத்து உட்காரவைத்து அனுப்பிய இன்ஸ்பெக்டர், நேற்றுக் கடைசியாகச் சொல்லிவிட்டார்: இரண்டு நாள் கெடு, நாளைக் காலையோடு முடிகிறது. அதற்குள் ஆனந்தன் வந்து நிற்காவிட்டால் எழிலன்மேல் கொலை வழக்கு.

கனிமொழி நேற்றே அரக்கோணம் வந்து சுலோச்சனாவின் முன்னால் உட்கார்ந்தாள். "என் தம்பியைக் காப்பாத்துங்க மேடம்" என்றாள். 'என் புருஷனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க' என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் ஹேமநாதனுக்கு மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது.

"இந்தத் தோலைப் பாரு" என்றாள் சுலோச்சனா. "ஊர்ல தோற்கன்னு கட்டறவங்க உப்பு, மஞ்சள் தடவி அப்படியே வைக்கோலைத் திணிப்பாங்க. நாலாம் நாள் நாறும். இது ஆறாம் நாள். நாத்தம் இருக்கா?"

"என் செருப்புதான்க்கா நாறுது."

"ஏன்னா உள்பக்கத்துல சவ்வு, கொழுப்பு ஒரு பொட்டு இல்ல. மொத்தமும் சீவி எடுத்திருக்கு. கழுத்துலேருந்து வாலு வரைக்கும் ஒரே சீரா. ஒரு இடத்துல கூடத் தோல் ஓட்டை விழல. காதைத் திருப்பி, உள்ள இருக்கற குருத்தெலும்பைக் கூட உருவியிருக்கு. இது மாடு மேய்க்கிறவன் வேலை இல்ல. பாடம் பண்ணத் தெரிஞ்ச கை."

ஹேமநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனந்தன் எட்டு வருஷம் சென்னையில், கல்லூரிப் பரிசோதனைக் கூடங்களுக்குச் செத்த பிராணிகளை அழுகாமல் பாடம் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டறை மூடியபிறகுதான் நிலத்துக்குத் திரும்பினான். அவன் காணாமல் போய் ஏழாம் நாள்தான் கன்று செத்தது.

"அக்கா! அப்போ ஆனந்தன் உயிரோட இருக்கான்! பசு கஷ்டப்படறது பொறுக்காம, யாருக்கும் தெரியாம வந்து பாடம் பண்ணிட்டுப் போயிருக்கான். இன்ஸ்பெக்டருக்குப் போன் போடட்டா?"

"போட்டு? கண்ணுக்குட்டி வாக்குமூலம் குடுத்திருக்குன்னு சொல்லுவியா?" சுலோச்சனாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இந்தத் தடயம் ரொம்ப அழகா இருக்குய்யா. அழகான தடயத்தை நான் ரெண்டு வாட்டி திருப்பிப் பார்ப்பேன்."

கொட்டகை வாசலில் கனிமொழி வந்து நின்றாள். உடைந்த கன்றைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அவள் கண் நேராகத் தோலின் உட்புறத்துக்குப் போய், அங்கிருந்து சுலோச்சனாவின் முகத்துக்குப் போனது.

"இதை யாரும்மா கட்டினது?" என்று கேட்டான் ஹேமநாதன்.

"மாடு பால் குடுக்கணுமில்லண்ணா?"

ஹேமநாதனின் ஜாதக விசேஷம் இது. அவன் எதைக் கேட்டாலும் மனிதர்கள் இன்னொரு கேள்வியைத்தான் திருப்பித் தருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் 'என்னைப் பிடிச்சிருக்கா' என்று மனைவியிடம் கேட்டதற்கு, 'சாப்ட்டீங்களா' என்றாள். பதினாறு வருஷமாக அதற்கு அவன் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறான்.

"நான்தான் கட்னேன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. மாமனார் மணவாளன். எழுபது வயசிலும் கம்பிபோல நிற்கும் மனிதர். "எவனும் வர்ல, ஒண்ணும் வர்ல. நான்தான் உரிச்சேன், நான்தான் சீவினேன்."

கனிமொழி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதால சீவினீங்க பெரியவரே?" என்றான் ஹேமநாதன்.

"தோலை எதால சீவுவாங்க? கரண்டியாலயா?"

பார்த்தீர்களா? மறுபடியும் கேள்வி.

சுலோச்சனா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "வண்டியை எடு. கடைக்குப் போகணும்."

*

ஹேமநாதனின் டி.வி.எஸ். திருத்தணிக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. திருப்பதி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவையே இரண்டாகப் பிளந்து போனது.

"எனக்கு ஒண்ணு புரியலக்கா. பெரியவர் பொய் சொல்றார்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் கத்தி வாங்கப் போறோம். ரயில்வேல இருந்தப்ப ஒரு தோல் மூட்டைக் கேசுக்குத் தோல் பதனிடறவங்களைச் சாட்சிக்குக் கூப்ட்டாங்க. அவங்ககிட்டக் கத்துக்கினேன். தெரியாதவன் தோலைச் சீவறதுன்னா நல்லாக் கூரா இருக்கற கத்தியைத் தேடுவான். தெரிஞ்சவன் மழுங்கலைத் தேடுவான்."

"மழுங்கலா? அப்ப என் மூளையைக் குடுத்தா தோல் பளபளன்னு வந்துடும்."

"கூரான கத்தி சவ்வோட நிக்காது, தோலுக்குள்ளயும் போயிடும். ரெண்டு பக்கமும் பிடி வெச்ச நீளக் கத்தி, விளிம்பு மழுங்கலா இருக்கணும். அதைத் தள்ளினா சவ்வு மட்டும் ஈரக் காகிதம் மாதிரிச் சுருண்டு வரும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கஜபதியின் பட்டறை. அரிவாள், களைக்கொத்து, சூரிக்கத்தி எல்லாம் வாசலில் தொங்கின. கஜபதி சாணைச் சக்கரத்தில் ஒரு அரிவாளை வைத்துப் பொறி பறக்க விட்டுக்கொண்டிருந்தார்.

சுலோச்சனா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். ஒரு சூரிக்கத்தி. ஒரு அரிவாள். மூன்றாவதாக, இரண்டு பிடி வைத்த நீளக் கத்தி, கூர் இல்லாமல்.

சக்கரம் நின்றது. கஜபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னாமா இது, ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல கிறுக்கு புடிச்சிருக்குதா? முப்பது வருசமா கடை வெச்சிக்கினு கீறேன். கூர் போட்டுக் குடுன்னுதான் வருவாங்க. போன வாரந்தான் ஒருத்தங்க வந்து, போட்ட கூரை எடுத்துடுன்னாங்க. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சி, கூர் வெச்சி, பளிச்சுனு குடுத்தா, வேணாம், மழுக்கிக் குடுன்னாங்க. என் கையால நானே மழுக்கினேன். அன்னிக்கு எனுக்குச் சோறு எறங்கல."

ஹேமநாதன் துள்ளினான். "யாருங்க அது?"

"யாரா இருந்தா உனுக்கு இன்னா?"

"ஆம்பளையா, பொம்பளையா?"

"நீ கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"எங்க பக்கம் போனாங்க?"

"வந்த பக்கந்தான். வேற எந்தப் பக்கம் போவாங்க?" கஜபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "கத்தி வாங்கறவங்க பேரை வெளிய சொல்ற கடைக்காரன் உருப்பட மாட்டான் தம்பி. எவன் எதுக்கு வாங்கறானோ."

சுலோச்சனா பெயரைக் கேட்கவில்லை. "மாதிரிக்குப் பழைய கத்தி ஏதாவது கொண்டாந்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. வாயால சொல்லி, கையாலதான் அளவு காட்னாங்க. அதான் மொதக் கத்தி வளைஞ்சி போச்சு. ரெண்டாவது அடிச்சிக் குடுத்தேன். வளைஞ்சது உள்ள கீது, நீ எத்துனு போ."

பழைய கத்தி இல்லை என்றதும் அவள் புருவம் ஏறியதை ஹேமநாதன் கவனித்தான். காரணம் கேட்டான். "ஆட்டுத்தோல் ஒண்ணு வாங்கணும், வண்டியை எடு" என்றாள். அவன் ஜாதகம் சுலோச்சனாவுக்கும் பொருந்தும்.

திரும்பி வரும்போது அவன் காலடியில் ஒரு கோணிப்பை. கோணிக்குள் காலையில் உரித்து உப்புத் தடவிய ஆட்டுத்தோல். எதிரே வந்த நாய்கள் அவனிடம் காட்டிய மரியாதையைச் சொந்தக்காரர்கள்கூட இதுவரை காட்டியதில்லை.

*

வீட்டு முற்றத்தில் கோணியை விரித்து, மூன்று கத்திகளையும் வரிசையாக வைத்தாள் சுலோச்சனா.

"பெரியவரே, ஒரு சின்ன சோதனை. கண்ணுக்குட்டித் தோலைச் சீவினேன்னீங்களே. இந்த ஆட்டுத்தோல்ல ஒரு முழம் சீவிக் காட்டுங்க. எந்தக் கத்தி வேணுமோ எடுத்துக்குங்க."

மணவாளன் மூன்றையும் பார்த்தார். அரிவாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். வைத்துவிட்டார். மழுங்கல் கத்தியைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னா, சப்பாத்திக்கா?" என்று ஓரமாகப் போட்டார். சூரிக்கத்தியைத் தடவினார், விரலில் மெல்லிய கோடாக ரத்தம் வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

முதல் இழுப்பில் கொஞ்சம் சவ்வு வந்தது. இரண்டாவதில் கத்தி சறுக்கியது. மூன்றாவதில், தோலின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தி முனை ஹேமநாதனைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

"ஓட்டை" என்றான் ஹேமநாதன்.

"கை நடுங்குது. வயசாயிடுச்சில்ல" என்றார் மணவாளன்.

"ஆறு நாளைக்கு முன்னாடி ஆகலயா?" என்றாள் சுலோச்சனா.

கிழவர் கத்தியைக் கீழே வைத்தார். சுலோச்சனா ஹேமநாதனிடம் திரும்பினாள். "நீ அந்த மழுங்கலை எடுத்துச் சீவு."

"நானா? எனக்குத் தேங்கா சீவவே வராதுக்கா."

"சீவுய்யா."

அவன் ஒரு பலகையை எடுத்துப் போட்டு, ஆட்டுத்தோலை அதன்மேல் விரித்து, இரண்டு பிடிகளையும் பிடித்துத் தன்பக்கம் இழுத்தான். தோலும் சேர்ந்து வந்தது. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தான். தோல் வழுக்கியது, அவன் வழுக்கினான், பலகையும் வழுக்கியது. எழுந்து, மூச்சைப் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் தேய்த்தான். சவ்வு அங்கங்கே பிய்ந்து, மிச்சம் குப்பையாய் நின்றது. உப்பு வேறு கண்ணில் தெறித்தது.

திண்டாட்டத்தைத் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கனிமொழி முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் உதட்டைக் கடித்தாள். அவன் நான்காவது முறை கத்தியை இழுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரி தன் அடுப்பில் பாலைப் பொங்கவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவளின் அவஸ்தை அவள் முகத்தில் வந்துவிட்டது.

"ஐயோ, அண்ணா! பலகைமேல வெக்காதீங்க. உருண்டைக் கட்டைமேல போடுங்க. ஒரு ஓரத்தை வயித்தால அழுத்திப் புடிச்சிக்கினு, கத்தியைத் தள்ளணும். இழுக்கக் கூடாது. கழுத்துலேருந்து கீழ..."

நின்றுவிட்டாள்.

கொட்டகையில் செவலை ஒரு முறை கத்தியது. மடி கட்டிய மாட்டின் குரல்.

"சொல்லும்மா" என்றாள் சுலோச்சனா மெல்ல. "கழுத்துலேருந்து கீழ."

கனிமொழி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் மேடம் பண்ணேன்." சத்தமே வரவில்லை அவளுக்கு. "பட்டறை மூடினப்புறம் அவரு ஒரு வருஷம் வூட்லயே செஞ்சிக்கினு இருந்தாரு. தோலைப் புடிச்சிக்கினு பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான். பார்த்துப் பார்த்து வந்துடுச்சி. கண்ணுக்குட்டி செத்தப்போ தோணுச்சி. அவரு கை மாதிரியே இதைப் பண்ணி நிறுத்திட்டா, அவரு உயிரோட இருக்காருன்னு ஆயிடுமில்ல? என் தம்பியை வுட்ருவாங்கல்ல?"

"ஸ்டேஷன்ல காட்டியிருக்கலாமே?"

"குத்தவாளியோட அக்கா நான். நான் காட்டினா யார் நம்புவாங்க? வேற யாராச்சும் தானா கண்டுபிடிக்கணும்னுதான் உங்களக் கூப்ட்டேன்."

ஹேமநாதன் தன் ஈரக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் 'ஆனந்தன் இருக்கான்' என்று குதித்தது நினைவுக்கு வந்தது. இப்போது அந்த ஆனந்தன் மறுபடியும் இல்லாமல் போய்விட்டான். வைக்கோல் பிரிந்த கன்றுபோல வழக்கு காலடியில் கிடந்தது. நாளைக் காலை எழிலனை அழைத்துப் போவார்கள்.

"அப்ப உன் புருஷன் இருக்காரா இல்லையான்னு உனக்கே தெரியாது" என்றாள் சுலோச்சனா.

"தெரியாது."

"உன் தம்பிகிட்டக் கேட்டியா?"

கனிமொழி தலையை ஆட்டினாள். "கேக்கல. ஆமான்னு சொல்லிட்டா இன்னா பண்றது?"

அதைக் கேட்டதும் ஹேமநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணில் உப்புத் தெறித்தது நல்லதாய்ப் போயிற்று.

"இவ்ளோ பயப்பட ஒரு காரணம் இருக்கணும்" என்று சுலோச்சனா விடவில்லை. "உன் புருஷன் கத்தி வூட்ல இருந்திருந்தா நீ கஜபதி கடைக்குப் போயிருக்க மாட்ட. மாதிரி காட்டக்கூட அது உன்கிட்ட இல்ல. எங்க அது?"

கனிமொழி தரையைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு மத்தியானம் தம்பி வந்தான். அடிச்சத சொல்லி அழுதான். அவன் போனப்புறம் உள்ரூம்புப் பரண்ல பார்த்தேன். கத்தி இல்ல. அவன்தான்... அதை எடுத்துனு போய்..." மேலே சொல்லாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பதின்மூன்று நாளாக அவள் விழுங்கிவைத்திருந்தது இதைத்தான். போலீசிடம் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை.

"ஹேமநாதா, கையை நீட்டு."

"எதுக்குக்கா?"

"நீட்டுய்யா."

நீட்டினான். மழுங்கல் கத்தியை எடுத்து அவன் முன்கையில் வைத்து, அழுத்தி ஒரு இழு இழுத்தாள். ஹேமநாதன் கண்ணை மூடி, குலதெய்வத்தில் தொடங்கி எல்.ஐ.சி. ஏஜென்ட் வரை எல்லாரையும் நினைத்துக்கொண்டான். திறந்து பார்த்தபோது ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. அதுவும் அழிந்துகொண்டிருந்தது.

"பாரும்மா. இது கத்தரிக்காயைக்கூட அறுக்காது. இதை எவனாவது கொலைக்கு எடுத்துனு போவானா? அதே பரண்ல அரிவாளும் இருந்திருக்குமே?"

"இருந்துச்சி. இன்னும் இருக்குது."

"கத்தியோட கூட வேற என்ன காணோம்? நல்லா யோசிச்சுச் சொல்லு."

கனிமொழி முந்தானையை எடுத்தாள். யோசித்தாள். "தைக்கிற ஊசிப் பெட்டி. காதைத் திருப்பறதுக்கு ஒரு இடுக்கி வெச்சிருப்பாரு, அது. அப்புறம்... ரப்பர் ஏப்ரன்."

"கொலை பண்ணப் போறவன் ஏப்ரனை மடிச்சி வெச்சி, ஊசிப் பெட்டியும் எடுத்துப்பானா?" சுலோச்சனாவின் குரலில் முதல்முறையாக உயிர் வந்தது. "ஒரு சாமான் காணாமப் போனா அது ஆயுதம். மொத்த சாமானும் காணாமப் போனா அது மூட்டை. வேலைக்குப் போறவன் கட்டற மூட்டை."

கனிமொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கியும் விளங்காமலும், நம்பப் பயந்த முகம்.

"உள்ரூம்புல யாரு படுக்கறது?"

மூன்று பேரும் மணவாளனைத்தான் பார்த்தார்கள்.

கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, விரலில் உறைந்திருந்த ரத்தத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பெரியவரே" என்றாள் சுலோச்சனா, "அந்தக் கண்ணுக்குட்டியை உங்க பையன் கட்டலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவரா இருந்தா எங்களை மாதிரி நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீங்க, 'என் புள்ள இருக்கான்'னு. நீங்க உடனே ஓடி வந்து அதை மூடினீங்க. மருமக சொன்ன பொய் அவ தம்பிக்காக. உங்க பொய் யாருக்காக?"

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறேன்?"

கேள்வி. மறுபடியும் கேள்வி.

ஹேமநாதனுக்கு வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக். அதை விழுங்கினான். எழுந்துபோய், கிழவருக்குப் பக்கத்தில், உப்பும் சவ்வும் அப்பிய கையோடு தரையில் உட்கார்ந்தான். காலையில் ஓர் ஏமாற்றுக் கன்றை உடைத்துவிட்டு அந்தப் பசுவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றவன் அவன். இப்போது இந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நைனா" என்றான். பெரியவரே என்று சொல்ல வரவில்லை. "உங்களை நான் ஸ்டேஷனுக்கு இட்டுனு போகல. எழுதிக்கவும் போறதில்ல. ஒரே ஒரு பதில். உங்க பையன் எங்க இருக்கான்?"

மணவாளன் அவனைப் பார்த்தார். துண்டை மடித்து மடியில் வைத்தார். கொட்டகைப் பக்கம் செவலை மறுபடியும் கத்தியது.

"நெல்லூர்ல கீறான்."

கனிமொழி மூச்சை இழுத்தது எல்லாருக்கும் கேட்டது.

"உசுரோட, நல்லாத்தான் கீறான். மீனு, ஆமையெல்லாம் பாடம் பண்ணிக் காலேஜுங்களுக்குக் குடுக்கற எடம் ஒண்ணு அங்க கீதாம். அன்னிக்கு ஆட்டோவுல எறங்கினவன் நேரா பம்பு செட்டுக்கு வந்தான். மூக்கெல்லாம் ரத்தம். எனக்கு இந்த ஊரு வேணாம் நைனான்னான். நான்தான் பரண்லேருந்து சாமானை எடுத்தாந்து குடுத்தேன். நான்தான் சாயங்காலம் திருப்பதி பஸ் ஏத்தி வுட்டேன்." மடித்த துண்டை மறுபடியும் பிரித்தார். "என் புள்ளய நாலு பேரு பாக்க அடிச்சான். அவனும் நாலு நாளு ஸ்டேஷன்ல நிக்கட்டும்னு வுட்டுட்டேன். நாலு நாளு பதிமூணு நாளா ஆயிடுச்சி. அப்புறம் எப்படி வாயத் தொறக்கறதுன்னு தெரியல."

"எங்க போறேன்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம்னானா?" என்றான் ஹேமநாதன்.

"ஆங். யார்கிட்டயும் வேணாம்னான்." கிழவர் தலையைத் தூக்கி, அன்றைக்கு முதல்முறையாக மருமகளின் முகத்தைப் பார்த்தார். "முக்கியமா, உன்கிட்ட."